அங்கீகரிக்கப்பட்ட முதுகு

2009 மார்ச் மாதம் வரை ஞானதாசனுடைய முதுகு அவருடைய சொந்த விஷயமாக இருந்தது. அதன்பிறகு தென்முனைப் போக்குவரத்துக் கழகம் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு என்ன செய்தது என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதில் முந்நூறு பக்கமாவது நான் அடித்ததுதான். என் பெயர் சத்தியபாய். கழகத்தின் மேற்குக் கிளைப் பணிமனையில் தட்டச்சர்.

ஞானதாசன் ஓட்டுநர். இருபத்திமூன்று வருடமாக நாகர்கோவிலிலிருந்து கருங்கல் வழியாக அருமனைக்குப் போகும் வண்டியை ஓட்டினார். அந்த வண்டியில் ஓட்டுநர் இருக்கை என்பது ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் பெயருக்கு ஒரு ரெக்சின். முதுகுப் பக்கம் நேராக நிமிர்ந்து நிற்கும். கருங்கல்லுக்கும் அருமனைக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு குழியும் அந்தப் பலகை வழியாக அவர் இடுப்புக்கு நேரடியாக வந்து சேரும்.

வலி தாங்காமல் போனபோது எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். நடு முதுகுக்குக் கீழே தாங்கல் கொடுத்து உட்கார்ந்தால் ஓய்வு பெறும்வரை ஓட்டலாம், இப்படியே ஓட்டினால் முதுகெலும்புத் தட்டு இன்னும் விலகும், அப்புறம் வண்டி ஓட்டுவது இருக்கட்டும், எழுந்து நிற்பதே கஷ்டம் என்று சொல்லிவிட்டார். ஓய்வுக்கு இன்னும் ஏழு வருடம் இருந்தது. மகள் ஷிபா நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

ஞானதாசன் கழகத்திடம் எதுவும் கேட்கவில்லை. அருமனையில் ஒரு பழைய இரும்புக் கடையில் ரப்பர் ஷீட் அடிக்கும் இயந்திரம் ஒன்று உடைந்துபோய்க் கிடந்தது. அதன் இரண்டு உருளைகளையும் நெருக்கவும் விலக்கவும் மேலே ஒரு பெரிய திருகு இருக்கும். அதைக் கழற்றி வந்தார். இரண்டு பலகைகளைக் கீல் போட்டு இணைத்து, நடுவில் அந்தத் திருகை வைத்தார். ஒரு பக்கம் திருகினால் முன்பலகை வந்து இடுப்பைத் தாங்கும், மறுபக்கம் திருகினால் பின்வாங்கும். மேலே நாலு மடிப்பு ரப்பர் ஷீட். மனைவி குளோரி பழைய மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலையில் உறை தைத்துக் கொடுத்தாள். காலையில் ஒரு சுற்று, கருங்கல் தாண்டினால் இன்னும் அரைச் சுற்று. சனிக்கிழமைதோறும் திருகுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார். எட்டு மாதம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டோம், எழுதிக் கொடுத்துவிடுவோம். வேறு ஊர்க்காரராக இருந்தால் அந்தப் பலகையை ஏழு வருடம் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றுப் போயிருப்பார். ஞானதாசன் தேவாலயச் சபையில் பத்து வருடம் செயலாளராக இருந்தவர். மற்ற ஓட்டுநர்களுக்கும் இப்படி ஒன்று செய்து கொடுத்தால் உபகாரமாக இருக்கும் என்று இரண்டு பக்கம் கையெழுத்தில் எழுதி, படமும் போட்டு, கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இத மேலாபீசுக்கு அனுப்பி விடணும் மக்கா. நமக்குக் கிட்டின சொகம் மத்தவனுக்கும் கிட்டட்டு."

நான் அனுப்பி வைத்தேன். அன்றைக்கே அதைக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

பதில் ஒன்பது நாளில் வந்தது. கழகத்தில் எந்தக் கடிதத்துக்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. கழகத்தின் வண்டியில் அனுமதியின்றிப் பலகை பொருத்தியது தவறு, எனினும் கழகம் பெருந்தன்மையோடு அதை மன்னிக்கிறது, பலகை மாதிரியாகக் கைப்பற்றப்படுகிறது, ஆய்வு முடிந்து ஒரு மாதத்தில் திருப்பித் தரப்படும் என்று இருந்தது. கிளை மேலாளர் ஐயப்பன் சார் நல்ல மனிதர். மேலிடத்திலிருந்து தாள் வந்தால் மட்டும் அந்த நல்ல மனிதர் எங்கேயோ போய்விடுவார். அவரே வண்டியில் ஏறிப் பலகையைக் கழற்றினார்.

"ஒரு மாசந்தானெ ஞானதாசா. பல்லக் கடிச்சிட்டு ஓட்டு" என்றார்.

ஞானதாசன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

தலைமையகத்தில் 'ஓட்டுநர் முதுகு ஆதரவு வடிவமைப்பு உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. ஏழு பேர். ஒருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒருதலைப்பட்சமாகிவிடும் என்று ஆணையிலேயே காரணம் எழுதியிருந்தது. தலைவர் முனைவர் கோதண்டபாணி. பயணச்சீட்டுத் தாளின் தடிமன் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். குழு முதலில் இருக்கைகளைப் பற்றி அறிந்துகொள்ள விமானத்தில் மூன்று ஊர்களுக்குப் போய் வந்தது. விமானத்தில் இருக்கைகள் நன்றாக இருந்தன என்று அறிக்கை கொடுத்தது.

அடுத்து முதுகு அளவு எடுக்க வேண்டும். ஓட்டுநர்களை அளப்பதற்கு நிறுத்தினால் வண்டிகள் நின்றுவிடும். ஆகவே வண்டி நிற்காமல் இருக்க, ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவர்களை அளப்பது என்று முடிவாயிற்று. அதாவது அலுவலகத்தில் இருந்த எங்களை. கணக்கர்கள், பண்டகக் காப்பாளர்கள், காவலாளி, கேன்டீன்காரர் என்று நாற்பத்துமூன்று பேர். என் முதுகுக்கு எண் பதினேழு. வண்டி ஓட்டுகிற மாதிரி உட்காரச் சொன்னார்கள். ஸ்டியரிங் இல்லாததால் கேன்டீனிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் வளைவுகளில் திரும்பினேன். கோதண்டபாணி சாருடைய முதுகையும் அளந்தார்கள். அவருடைய பதவியை முன்னிட்டு அந்த ஒரு முதுகு பத்து முதுகாகக் கணக்கில் சேர்க்கப்பட்டது.

இவை எல்லாவற்றையும் கூட்டி வகுத்து வந்த முதுகுக்கு 'நிலையான முதுகு' என்று பெயர். அதன் படத்தை வண்ணத்தில் அச்சிட்டு எல்லாப் பணிமனைகளிலும் மாட்டினார்கள். ஞானதாசன் ஆறடி. நிலையான முதுகு அவருடைய தோள்பட்டைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் முடிந்துபோயிற்று.

ஒரு மாதம் என்றது ஏழு மாதமாயிற்று. ஞானதாசன் வண்டியிலிருந்து இறங்கும்போது முதலில் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க ஆரம்பித்திருந்தார். நடத்துநர் செல்வதாஸ் வந்து கை கொடுப்பார். பலகை எப்போது வரும் என்று மாதம் ஒரு கடிதம் நானே இலவசமாக அடித்துக் கொடுத்தேன். மாதிரி ஆய்வில் இருக்கிறது என்று மாதம் ஒரு பதில் வந்தது.

அந்த வருடம் அக்டோபரில் புதிய இருக்கைகள் பன்னிரண்டு வந்து இறங்கின. பணிமனையில் பந்தல் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, ஒரு இருக்கைக்கு மாலை போட்டார்கள். கோதண்டபாணி சார் அரை மணி நேரம் பேசினார். நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன்.

"நண்பர்களே, முதுகு என்பது ஓட்டுநரின் சொந்தப் பொருள் என்று ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பணி நேரத்தில் அது கழகத்தின் முதுகு. அதை அவர் விருப்பம்போல் வைத்துக்கொள்ள நாம் எப்படி அனுமதிக்க முடியும்? இந்த இருக்கையின் முதுகுத் தாங்கலை முன்னால் தள்ளலாம், பின்னால் தள்ளலாம், மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். எப்படி வேண்டுமானாலும் சரிசெய்யலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் சரிசெய்ய முடியாது. இதுதான் நம் வடிவமைப்பின் தனிச்சிறப்பு. சரிசெய்யும் கைப்பிடி இருக்கையில் இருக்காது. இருந்தால் ஓட்டுநர்கள் அதைப் பயன்படுத்திவிடுவார்கள். அது பண்டகசாலையில் பூட்டிய பெட்டியில் இருக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஞானதாசனை மேடைக்கு அழைத்து, யோசனை சொன்னதற்காக நிலையான முதுகின் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

தாங்கலைச் சரிசெய்ய வேண்டுமென்றால் படிவம் மு.ஆ.3 மூன்று பிரதிகளில் எழுத வேண்டும். கிளை மேலாளர் பரிந்துரைத்து, தலைமையகம் ஒப்புதல் தந்து, பண்டகசாலை பெட்டியைத் திறந்து, தொழில்நுட்பர் வந்து சரிசெய்ய வேண்டும். இதற்குப் பதினொரு நாள் ஆகும். பதினொரு நாளுக்குக் குறைவாக ஒருமுறையும் ஆகவில்லை, கூடுதலாகவும் ஆகவில்லை. கழகத்தில் நேரம் தவறாமல் நடந்த ஒரே காரியம் அதுதான்.

ஞானதாசன் முதல் நாளே படிவம் எழுதினார். பதினோராம் நாள் அவருடைய ஆறடிக்குத் தக்கபடி தாங்கலைத் தூக்கி முன்னால் தள்ளி முத்திரை வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் அந்த வண்டியை இராஜாக்கமங்கலம் தடத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஓட்டுநர் ராஜையன், ஐந்தடி. தாங்கல் அவரை முன்னால் தள்ளியதில் நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டிருந்தது. வளைவு வரும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார். அவரும் படிவம் எழுதினார். பதினொரு நாளில் அவருக்குத் தக்கபடி இறக்கினார்கள். மறுநாள் வண்டி ஞானதாசனிடம் திரும்பி வந்தது. இது நாலு முறை நடந்தது. தலைமையகத்தில் நாலையும் வெற்றிகரமான சரிசெய்தல்கள் என்று ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

நாலாவது முறை ஞானதாசனுக்கு இடது கால் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. அதாவது பிரேக்குக்கு இன்னும் கால் மிச்சம் இருந்தது, கிளட்சுக்குத்தான் இல்லை. அவர் தன்னுடைய தோர்த்துத் துண்டை நாலாக மடித்து, சுருட்டி, இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொண்டார். வண்டிச் சோதனையில் அது பிடிபட்டது. கழக இருக்கையைத் துண்டால் அனுமதியின்றிச் சரிசெய்தார் என்று குறிப்பாணை. துண்டு கைப்பற்றப்பட்டு, அரக்கு வைத்த உறையில் கோப்போடு சேர்க்கப்பட்டது.

விசாரணைக்குக் கோதண்டபாணி சாரே வந்தார். அப்போது 2010 பிப்ரவரி. ஐயப்பன் சாருடைய அறையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தேன். ஞானதாசனை உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவரால் சட்டென்று உட்கார்ந்திருக்க முடியாது.

"இருக்கையில் குறை இருக்கிறது என்கிறீர்களா?"

"குறைன்னு இல்ல சாரே. எனக்க முதுகு அதுல சேரல்ல."

"எப்போது வலிக்கிறது?"

"கருங்கல் தாண்டினா தொடங்கும் சாரே."

"அப்படியானால் கருங்கல் வரை இருக்கை சரியாக இருக்கிறது. அதன்பிறகு வருவது சாலையின் குறை. சாலை வேறு துறை." என் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளும்படி தலையசைத்தார். "இந்த இருக்கையை ஏழு பேர் கொண்ட குழு அங்கீகரித்திருக்கிறது. உங்கள் முதுகை யார் அங்கீகரித்தது?"

ஞானதாசன் உண்மையாகவே யோசித்தார்.

"யாரும் இல்ல சாரே. பொறந்தப்பளே உள்ளது."

"எழுதிக்கொள்ளுங்கள். தமது முதுகு எந்த அங்கீகாரமும் பெறாதது என்பதை ஓட்டுநர் ஒப்புக்கொண்டார்."

எழுதினேன். பிறகு ஞானதாசன் கேட்டார். அந்த அறையில் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"சாரே, எனக்க பலகையத் தந்தா நான் பாட்டுக்கு ஓட்டிட்டுப் போவேன். இன்னும் அஞ்சர வருசம். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எப்பம் தருவிய?"

"மாதிரி ஆய்வில் இருக்கிறது" என்றார் கோதண்டபாணி சார்.

விசாரணை முடிந்து முற்றத்துக்கு வந்தோம். தலைவருடைய கார் நின்றது. அவர் பின்னிருக்கையில் ஏறிச் சாய்ந்தார். சாய்ந்ததும் முகம் கோணிக்கொண்டது. இடுப்பைப் பிடித்தபடி முன்னும் பின்னும் நெளிந்தார். ஐயப்பன் சார் தண்ணீர் எடுக்க ஓடினார். நான் கார்க் கதவு வழியாகப் பார்த்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலைத் துணி தெரிந்தது.

ஞானதாசனும் பார்த்துவிட்டார். கம்பியைப் பிடிக்காமலே இரண்டு எட்டு நடந்து காரருகே வந்தார்.

"சாரே, இது எனக்க பலகை."

"இது கழக மாதிரி எண் ஒன்று. களஆய்வில் இருக்கிறது. பதினொரு மாதமாக நானே நேரடியாக இதில் உட்கார்ந்து ஆய்வு செய்துவருகிறேன். இருக்கையோடு போல்ட் போட்டுப் பொருத்தி, சொத்துப் பதிவேட்டிலும் ஏற்றியாயிற்று." அவருக்கு மூச்சு வாங்கியது. "நன்றாகத்தான் இருந்தது. ரெண்டு நாளா எங்கேயோ குத்துது. எங்க ஆளுங்க யாருக்கும் இதைச் சரிபண்ணத் தெரியலை."

ஞானதாசனுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் திரும்பி நடந்திருப்பேன். அல்லது அந்தத் திருகைக் கழற்றி அவர் மடியிலேயே போட்டிருப்பேன். ஞானதாசன் இன்னொருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடிப்பதைப் பார்த்து நிற்கத் தெரியாதவர். எனக்கு அவர்மேல் அன்று வந்த கோபம் கோதண்டபாணி சார்மேல்கூட வரவில்லை.

"கொஞ்சம் முன்னால குனியுங்க சாரே."

கையை உள்ளே விட்டுத் திருகைப் பிடித்தார். ஒன்றரைச் சுற்று.

"இப்பம் சாஞ்சு பாருங்க."

கோதண்டபாணி சார் சாய்ந்தார். முகத்தில் இருந்த கோணல் மெதுவாக நேரானது. கண்ணை மூடிக்கொண்டார். "கழகத்தின் வடிவமைப்பு என்றால் சும்மாவா" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "உங்கள் பணியாளர் எண் என்ன?" என்று கேட்டார்.

ஞானதாசன் சொன்னார். கார் போன பிறகு ஐயப்பன் சார் அவர் தோளில் தட்டினார்.

"ரச்சப்பட்டே ஞானதாசா. எண்ணக் கேட்டுட்டுப் போனாருல்லா. இனி ஒனக்க காரியம் எல்லாம் சரியாயிரும்."

மறுநாள் செல்வதாஸ் பணிமனையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

ஆணை பத்தாம் நாள் வந்தது. அதில் இரண்டு பகுதி. முதல் பகுதி: ஓட்டுநர் ஞானதாசனுடைய முதுகு நிலையான முதுகிலிருந்து ஒன்பது அங்குலம் விலகியிருப்பது நிரூபணமானதால், அவர் கழக இருக்கையில் அமரத் தகுதியற்றவர், ஆகவே பணிக்குத் தகுதியற்றவர் என்று விடுவிக்கப்படுகிறார். இரண்டாம் பகுதி: 18.2.2010 அன்று பிற்பகல் பணிமனை முற்றத்தில், உயர்மட்டக் குழுத் தலைவரின் வாகனத்திலிருந்த கழக மாதிரியை, படிவம் மு.ஆ.3 இல்லாமல், தலைவரின் கண்ணெதிரிலேயே ஒன்றரைச் சுற்று சரிசெய்தார், இது இரண்டாவது முறை என்பதால் அவருக்கு மாற்றுப்பணி தர இயலாது. சாட்சி: தலைவர்.

கிளைப் பிரதிகளை நான்தான் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆணையை வாங்க அவர் ஆட்டோவில் வந்தார். குளோரி ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தாள். என் மேசையில் கையூன்றி நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். குளோரி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஷிபாவுக்குப் படிப்பு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் ஆணையின் பிரதியை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தேன்.

போகும்போது ஞானதாசன் திரும்பினார்.

"மக்கா, அந்தச் சார்ட்ட ஒண்ணு பறையணும். திருகுக்கு ஆழ்ச்சைக்கு ஒரு வட்டம், சனிக்கெழம தோறும், தேங்காண்ணை விடணும். இவ்வளவு நாளும் விட்ட மாதிரி இல்ல, அதாக்கும் குத்தினது. மழைக்கு முன்ன விடல்லேன்னா துரு கேறி இறுகிப் போவும். பொறவு அசைக்க ஒக்காது. பாவம், அவருக்கு முதுகு போயிரும்."

"எழுதித் தாங்க அண்ணே" என்றேன்.

அவர் கையை விரித்துக் காட்டினார். இனிமேல் எதையும் எழுதித் தருவதில்லை என்று குளோரியிடம் சத்தியம் செய்திருந்தாராம்.

வாய்மொழித் தகவல்களைத் தலைமையகத்துக்கு அனுப்பக் கழக விதியில் இடமில்லை. நான் அனுப்பவில்லை.

அந்த வருடம் ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை கொட்டித் தீர்த்தது. கோதண்டபாணி சார் இராஜாக்கமங்கலம் பக்கம் கடலோர விருந்தினர் மாளிகை ஒன்றில் மூன்று வாரம் தங்கி, குழுவின் இறுதி அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். கார் அங்கே உப்புக்காற்றில் வெளியே நின்றது. ஜூன் கடைசியில் தலைமையகத்திலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் தலைவருடைய நேர்முக உதவியாளர்.

மாதிரியின் திருகு இறுகிப்போய்விட்டது. யாரோ பலமாகத் திருகிப் பார்த்ததில் பலகை முழுக்க முன்னால் வந்து அப்படியே நிற்கிறது. தலைவரால் சாய முடியவில்லை. கழற்றிவிடலாமென்றால் சொத்துப் பதிவேட்டில் இருப்பதால் குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். குழு கூட வேண்டுமென்றால் தலைவர் காரில் ஏறி வர வேண்டும். அந்த ஞானதாசனை உடனே அனுப்பி வைக்க முடியுமா?

அந்த நேரம் ஞானதாசன் அவர் வீட்டில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார். எழுந்து நிற்க இரண்டு பேர் வேண்டும் என்று செல்வதாஸ் முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். ஷிபா படிப்பை நிறுத்திவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடைக்குப் போகிறாள்.

தகுதியற்றவர் என்று விடுவிக்கப்பட்டவரைப் பணிக்கு அழைக்க முடியாது, ஆணையில் தலைவரே கையொப்பமிட்டிருக்கிறார் என்று அமைதியாகச் சொன்னேன்.

"அம்மா, அவர் வலியில துடிக்கிறாரு. ஏதாவது வழி சொல்லுங்க."

"வழி இருக்கு சார்" என்றேன். "படிவம் மு.ஆ.3 மூணு பிரதி எழுதி அனுப்பச் சொல்லுங்க. பதினொரு நாள்ல ஆயிரும்."